ஒரு வரிசை தள்ளி இருந்த கல்

காலை பத்து நாற்பதுக்கு என் மகள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "ம்மா, அவங்க போர் போடற எடம் அது இல்ல" என்றாள்.

நேரம் நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. போர்வெல் வண்டி ஓடத் தொடங்கிய நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லி என் கணவர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோப்புக்குள் கம்ப்ரஸர் அலறியது. சன்னல் கம்பியில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தது. அவள் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. கிட்டே வரச் சொன்னேன்.

"எது இல்ல?"

"நீரோட்டம் பாத்தவரு கல்லு வெச்ச எடம். நேத்துப் பொழுதோட நான் நகத்தி வெச்சுட்டேன். ஒரு வரிசை தள்ளி."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கேரளம் என்றாலே தண்ணீர் என்று நினைக்கிறவர்கள் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே வந்து பார்த்ததில்லை. மேற்கே கொட்டுகிற மழை எங்கள் பக்கம் வருவதற்குள் அலுத்துப்போய்விடும். இந்த வருஷம் தை முடியும்போதே கிணறு அடிப்பாறையைக் காட்டிவிட்டது. பழைய போர்க்குழாயில் மோட்டாரைப் போட்டால் தண்ணீரைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது. தென்னைகளில் பிஞ்சுக் குரும்பை கொட்ட ஆரம்பித்திருந்தது. காலையில் தோப்புக்குள் நடந்தால் காலில் மிதிபடும். என் கணவர் அவற்றைக் குனிந்து பார்க்கமாட்டார். வானத்தைப் பார்த்தபடியே நடப்பார்.

புதுப் போர் போடுவது என்று முடிவானபோது, இது ஒன்றுதான் என்பதும் கூடவே முடிவாகிவிட்டது. எங்கள் பக்கம் நிலத்தடி நீர் கீழே போய்விட்டது என்று அனுமதி எளிதில் தருவதில்லை. நடையாக நடந்து ஒரு குழிக்கு அனுமதி வாங்கியிருந்தார். அது வறண்டுபோனால் இந்தக் கோடைக்கு இன்னொன்று கிடைக்காது. வயதான தென்னைகள் தாக்குப்பிடிக்கலாம். அவர் மூன்று வருஷமாக வளர்த்த இளங்கன்றுகள் தாக்குப்பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம்.

நிலத்தடி நீர் பார்க்கிற அதிகாரி ஒருவர் கருவியோடு வந்து பார்த்துவிட்டு, தோப்பின் வடகோடியில் போடலாம், வாய்ப்பு உண்டு, உறுதி சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வடகோடி என்பது பெரிய இடம். அதில் எந்த இடம் என்று சொல்வதற்குத்தான் நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார்கள்.

நான் பொள்ளாச்சியில் பிஎஸ்சி பிசிக்ஸ் படித்தவள். இப்போது பால் சொசைட்டியில் பால் சோதிக்கிற வேலை. தேங்காய் வைத்துத் தண்ணீர் கண்டுபிடிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கல்யாணமான புதிதிலிருந்து இதைச் சொல்லிவருகிறேன். என் மகளுக்கும் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தேன். யார் என்ன சொன்னாலும், எப்படித் தெரியும் என்று கேள். முடிந்தால் செய்து பார். இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

நீரோட்டம் பார்க்கிறவர் பெரியவரெல்லாம் இல்லை. என்னைவிடச் சின்னவர். பொள்ளாச்சி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். புதன்கிழமை ஸ்கூட்டரில், மஞ்சள் பையில் மட்டை உரித்த தேங்காயோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இடது உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து, குடுமி முன்னால் நீட்டியிருக்க, மெதுவாக நடந்தார். அவருடைய செல்போன் நடுவில் இரண்டு முறை அடித்தது. அதை எடுத்து, "டியூபைக் கழட்டி வெய்யி, வந்தர்றேன்" என்று கடைப் பையனிடம் சொல்லிவிட்டு மறுபடி நடந்தார். வடகோடியில் ஓர் இடத்தில் தேங்காய் அசைந்தது. பிறகு எழுந்து அவர் கையில் நட்டமாக நின்றது.

"ஓ பாசிட்டிவ் ரத்தம் இருக்கோணுங்க. எல்லாத்துக்கும் நிக்காது" என்றார்.

என் மகள், "நானும் ஓ பாசிட்டிவ்தானுங்க" என்றாள்.

அவர் தேங்காயை அவள் கையில் கொடுத்தார். அதே இடத்தில் நின்றாள். நகர்ந்து நின்றாள். கண்ணை மூடிக்கூடப் பார்த்தாள். தேங்காய் தேங்காயாகவே கிடந்தது.

"பரீட்சை டென்ஷன் கண்ணு. லீவுல வா, நிக்கும்" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். போர் வண்டி ஏஜென்டிடமிருந்து போன் வந்து என் கணவர் தள்ளிப் போனார். அந்த நேரத்தில் பஞ்சர் கடைக்காரர் தேங்காய் நின்ற இடத்தில் ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு தடவி, வேப்பங்கொத்து ஒன்றைச் செருகிவிட்டுக் கிளம்பினார்.

எங்கள் தோப்பில் மரங்கள் கட்டம் கட்டமாக நிற்கும். எந்தக் கட்டத்தின் நடுவில் நின்றாலும் நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு வரிசை தள்ளி வைத்தால், கல்லை நட்டவரே கண்டுபிடிக்கச் சிரமப்படுவார்.

இதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் ஊசல் ஆட்டி புவியீர்ப்பு முடுக்கம் கணக்கிடுகிற பரிசோதனை. அவளுக்கு ஒன்பது புள்ளி இரண்டு வந்தது. அதை அப்படியே ரெக்கார்டில் எழுதிக் கொடுத்தாள். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்பது புள்ளி எட்டு வருகிற மாதிரி அளவுகளை மாற்றி எழுதிக்கொண்டு வரச் சொன்னாராம்.

"மார்க் போயிரும் கண்ணு, மாத்தி எழுதிரு" என்றேன் நான்.

"அப்ப எதுக்கும்மா அளக்கறோம்? விடைதான் மொதல்லயே தெரியுதே."

"பழகறதுக்கு."

"எதைப் பழகறதுக்கு?"

மாற்றி எழுதினாள். மார்க்கும் வந்தது. அதற்குப் பிறகு அவள் ரெக்கார்டைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் அதை மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் போர் வண்டி வந்துவிட்டது. பைப் வண்டி பின்னால் வந்தது. பஞ்சர் கடைக்காரரும் பூஜைக்கு வந்தார். போர் போடுவதற்கு முன் இடத்தை ஒருமுறை தேங்காயால் உறுதிப்படுத்திவிட்டு, அதே தேங்காயை அங்கேயே உடைத்துச் சூடம் காட்டுவது இங்கே வழக்கம். கல் இருந்த இடத்துக்கு வந்ததும் என் கணவர் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"இங்கயா? நான் இன்னும் ஒரு வரிசை அந்தாண்டன்னு நெனச்சிருந்தனே."

"கல்லு இங்கதானுங்களே இருக்குது" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"அதுவும் சரிதான். அன்னைக்குப் போன் பேசிட்டிருந்தேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தன் தோப்பில் எந்த மரம் எத்தனை பாளை தள்ளியிருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனிதர். ஆனாலும் நட்டுவைத்த கல்லைப் பார்த்ததும் தன் நினைவைத்தான் சந்தேகப்பட்டார்.

பஞ்சர் கடைக்காரர் தேங்காயைக் கையில் வைத்து இரண்டு எட்டு வைத்தார். தேங்காய் எழுந்து நின்றது. வண்டிக்காரர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர், நான், எல்லோரும் பார்த்தோம். என் கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேங்காய் உடைந்தது. அவசரமாகக் கடை திறக்க வேண்டும் என்று பஞ்சர் கடைக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் காபி போட உள்ளே வந்தேன். கொஞ்ச நேரத்தில் கம்ப்ரஸர் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் பத்து நாற்பது.

"எதுக்கு நகத்தினே?" என்று கேட்டேன்.

"செஞ்சு பாக்கலாம்னு. மொத தடவை அவரா கண்டுபிடிச்ச எடம். ரெண்டாவது தடவை நான் வெச்ச எடம். அங்க நின்னுச்சுன்னா கல்லைப் பாத்துத்தான் நிக்குதுன்னு அர்த்தம். தண்ணியைப் பாத்து இல்ல."

"நிக்கலைன்னா?"

"நாந்தான் தப்பு. அப்பவே ஒத்துக்கலாம்னு இருந்தேன்."

"நின்னுச்சே."

"நின்னுச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வாயெடுத்தேன். அப்பா சூடத்தட்டை எங்கையில குடுத்துட்டாரும்மா. எல்லாரும் கும்பிட்டாங்க. நான் தட்டைக் காட்டிட்டு நின்னேன்." அவள் குரல் உடையத் தொடங்கியது. "அப்பறம்தான் தோணுச்சு. ஒருவேளை அங்கயும் தண்ணி இருக்கலாம்ல? அப்ப நின்னதும் சரிதானே? அதை நான் யோசிக்கவே இல்ல. தண்ணி இல்லைன்னு தெரிஞ்ச எடத்துல வெச்சிருக்கணும். எந்த எடத்துல தண்ணி இல்லைன்னு யாருக்கும்மா தெரியும்?"

அவளைத் திட்டியிருக்க வேண்டும். தாய் என்கிற முறையில் அதுதான் முதல் வேலை. ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது. நான் படித்த படிப்பின்படி அந்தக் கல் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். தேங்காய்க்குத் தண்ணீர் தெரியாது. அதிகாரி சொன்ன வடகோடியில்தான் இரண்டு இடமும் இருக்கின்றன. அப்படியென்றால் என் மகள் எதையும் கெடுக்கவில்லை. ஓடிப்போய் வண்டியை நிறுத்த வேண்டியதும் இல்லை. கணவரிடம் சொல்ல வேண்டியதும் இல்லை.

இதையெல்லாம் தெளிவாக நினைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஓடிப்போய் நிறுத்தினால், இடம் முக்கியம் என்று நான் ஒத்துக்கொள்கிறேன். நிறுத்தாமல் இருந்து குழி வறண்டுவிட்டால், என் கணவரின் முகத்தைப் பார்த்து, ரெண்டும் ஒரே மாதிரிதான் என்று என்னால் சொல்ல முடியுமா? அவருக்கு இரண்டும் ஒன்றில்லையே. அவர் நம்பியது வேறு இடத்தை. அதை மறைப்பதற்குப் பெயர் என்ன, அறிவியலா?

"நீ உள்ளயே இரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே போனேன்.

தோப்பு முழுக்க வெள்ளைப் பொடி பறந்தது. மரங்களின் மேல் மாவு தூவியது போலிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை இறக்கினார்.

"வாங்க மேடம். சொசைட்டில இருந்து லாக்டோமீட்டரை எடுத்துட்டு வந்திருக்கலாமில்லீங்க? பால்ல சொட்டுத் தண்ணி இருந்தாலும் காட்டிக் குடுக்குதே, இங்க உட்டுப் பாத்தா தெரிஞ்சிருக்கும்."

"உங்க பாலை ஊத்திப் பாத்து அது மெரண்டு கெடக்குதுங்க" என்றேன். வாய் தானாகப் பேசியது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

என் கணவர் குழிக்குப் பக்கத்தில் நின்று, வெளியே வரும் பொடியைக் கையில் ஏந்தி விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகே போனேன். "ஏனுங்க" என்றேன். கம்ப்ரஸர் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். திரும்பி, என்ன என்று கையால் கேட்டார். முகத்தில் பொடி அப்பி, இமை முடிகூட வெள்ளையாக இருந்தது. அதற்கு நடுவில் கண் இரண்டும் அவ்வளவு ஆவலாக இருந்தன. காபி வேண்டுமா என்று கையால் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இப்படி மூன்று நான்கு முறை போனேன், வந்தேன். ஒவ்வொரு முறையும் காபியோ மோரோ கொண்டுபோனேன். வண்டிக்காரர்கள் என்னைப் போல உபசரிப்பு யாரும் செய்ததில்லை என்றார்கள். இடையில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று, தண்ணீர் வந்தால் மாகாளியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். வேண்டி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. யாருக்கும் கேட்டிருக்காது. இருந்தாலும் சுற்றும் முற்றும் பார்த்தேன்.

வெயில் உச்சி தாண்டியபோதும் வெறும் பொடிதான். நடுவில் ஒருமுறை கொஞ்சம் ஈரமாக, பிசைந்த மாவு போல வந்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். துளையிடும் அடுத்த ராடு இறங்கியதும் மறுபடி பொடி. வண்டியை ஓட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். சத்தம் நின்றதும் காது அடைத்தது.

"என்ன பண்ணலாமுங்க? வண்டில இன்னும் கொஞ்சம் ராடு இருக்குது. இறக்கறதுன்னா இறக்கிப்புடலாம். வேண்டாம்னா இதோட நிறுத்திக்கலாம். நீங்கதான் சொல்லோணும்."

என் கணவர் குழியைப் பார்த்தபடி செல்போனை எடுத்துப் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

அப்போது என் மகள் வீட்டிலிருந்து நடந்து வந்தாள். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவள் பார்க்கவில்லை. அல்லது பார்த்தாள்.

"ப்பா, கல்லை நான் நகத்தி வெச்சேன்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. முழுவதும் சொன்னாள். என்னிடம் சொன்னபோது உடைந்த குரல் இப்போது உடையவில்லை. முதல் தடவை, இரண்டாம் தடவை என்று வரிசையாகச் சொன்னாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார்.

"எந்த எடம்?" என்று மட்டும் கேட்டார் என் கணவர்.

காட்டினாள். அவர் அங்கே போய் நின்றார். கல் பெயர்த்த குழி, மேலே மண் தள்ளி மூடியிருந்தாலும், தெரிந்தது. செருப்புக் காலால் அதைத் தடவினார். அவர் பிள்ளையை ஒருநாளும் அடித்ததில்லை. அன்றைக்கு அடித்திருந்தால் நான் குறுக்கே போயிருப்பேனா என்றுகூடத் தெரியவில்லை.

திரும்பி வந்து என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"காலையில சொன்னா."

"காலையிலயேவா?" என்றார். அவ்வளவுதான். கையில் இருந்த பொடியைத் தட்டினார். நான் கொண்டுபோன காபி, மோர் எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகு மகளிடம் கேட்டார். "ஏங்கண்ணு, ஒருத்தனுக்கு ஒடம்பு முடியலை. டாக்டரு மாத்திரை குடுக்கறாரு. நீ அதை எடுத்துட்டு வேற மாத்திரையை வெச்சுப் பாப்பியா, என்ன ஆகுதுன்னு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படித்தாம்ப்பா மருந்தையே கண்டுபிடிக்கறாங்க. பாதிப் பேத்துக்கு நெசம், பாதிப் பேத்துக்குச் சும்மா மாத்திரை."

வண்டி ஓட்டுகிறவர் சிரித்துவிட்டார். என் கணவர் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"அவங்களுக்குச் சொல்லிட்டுத்தானே குடுப்பாங்க?" என்றார் என் கணவர்.

"ஆமாம்ப்பா. சொல்லிட்டுத்தான்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

அவர் அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. "வண்டியை ஒரு வரிசை நகத்துங்க" என்றார் வண்டிக்காரரிடம்.

"அனுமதி ஒரு குழிக்குத்தானுங்களே?"

"யாருக்குங்க தெரியப்போகுது" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். "இதை மூடிப்போட்டு அதுல போட்டுக்கலாம். பசங்க வெளையாட்டுக்குத் தோப்பைக் காயவிட முடியுமா?"

வண்டிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. நகர்த்தி நிறுத்திக் கேசிங் குழாய் இறக்குவதற்குள் பொழுது போய்விடும். மறுநாள் வேறு ஊரில் வேலை. இருக்கிற ராடுகளை இதிலேயே இறக்கிப் பார்த்துவிடலாம், அதுதான் புத்தி என்றார். என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. படிச்சவதானே. இதா, அதா?"

எத்தனையோ வருஷமாகத் தெரிந்துவைத்திருந்த பதில் வாய்வரை வந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் சரி. ஆனால் நட்டுவைத்த கன்றுகள் எதிரே நின்றன. "எனக்குத் தெரியலீங்க" என்றேன். அது பொய்யில்லை. தன்னடக்கமும் இல்லை. தெரிந்தது என்று நினைத்திருந்தது எதுவும் அந்த நேரம் என் கையில் இல்லை.

அவர் வண்டிக்காரரைப் பார்த்து, இறக்கச் சொல்லித் தலையசைத்தார்.

கடைசி ராடுக்கு முந்தின ராடில் தண்ணீர் வந்தது. போர் போடுகிற இடங்களில் பீய்ச்சியடிக்குமே, அப்படியில்லை. சேறாகக் கொப்பளித்து, பிறகு கலங்கலாக, பிறகு விரல் கனத்துக்கு ஒரே சீராக ஓடியது. கடைசி ராடு இறங்கியும் கூடவில்லை, குறையவும் இல்லை.

அந்தத் தண்ணீர் வீட்டுக்கும் மாட்டுக்கும் போதும். கன்றுகளில் பாதிக்கு சொட்டுநீர் விட்டுக் காப்பாற்றியிருக்கிறோம். மீதிப் பாதி போய்விட்டது. இது வெற்றியா தோல்வியா என்று என்னிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. கல்லை நகர்த்தாமல் இருந்திருந்தால் வாய்க்கால் போல ஓடியிருக்கும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நகர்த்தியதால்தான் இதாவது வந்தது, முதலில் காட்டிய இடம் முழுக்கக் கரும்பாறை என்கிறாள் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வரும் ஓர் அம்மா. இருவருக்கும் கொஞ்சமும் சந்தேகமில்லை. என் மகளிடம் கேட்டேன். "ஒரே ஒரு குழியை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றாள். அவள் சொல்வதுதான் சரி. ஆனால் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு குழிதான். பொங்கல் இன்னும் வைக்கவில்லை. விரல் கனத் தண்ணீருக்கு வைக்க வேண்டுமா வேண்டாமா என்று யாரிடம் கேட்பது?

அன்று தண்ணீர் ஓடத் தொடங்கி, வண்டிக்காரர்கள் ராடுகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது, ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பஞ்சர் கடைக்காரர்தான். தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு, கையில் கருப்பு மசியோடு அப்படியே வந்திருந்தார். ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்திருச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

என் மகள் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, இது நீங்க காட்டின எடமில்லீங்க. கல்லை நான் மாத்தி வெச்சுட்டேன். உங்ககிட்டக் கேக்காம செஞ்சது தப்பு" என்றாள்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார். என் கணவருக்கு அவர்மேல் இரக்கமோ, அல்லது அதைக் கேட்க வேண்டும் என்று தனக்கே ஆசையோ, தெரியவில்லை. "அங்க போட்டிருந்தா இன்னும் வந்திருக்குமில்லீங்க?" என்று எடுத்துக் கொடுத்தார். பஞ்சர் கடைக்காரர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னொரு வழியைக் காட்டினார். "எப்படியோ, இவரு தேங்கா நின்ன எடத்துலதானே தண்ணி வந்திருக்குது? கல்லு என்னத்துக்கு?" அதற்குத் தலையாட்டியிருந்தாலும் போதும். அவர் எதற்கும் தலையாட்டவில்லை. மசி படிந்த உள்ளங்கையை விரித்து, காலையில் தேங்காய் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"காலையில எங்கையில அது நின்னுச்சு கண்ணு. நானா நிறுத்துலை, சத்தியமா. அப்ப எது நிறுத்துச்சு? ஊட்டுல வேற தேங்கா இருந்தா எடுத்துட்டு வா. ஒரு துண்டும் கொண்டா, எங்கண்ணைக் கட்டி உடு. எந்தப் பக்கம் வேணும்னாலும் கூட்டிட்டுப் போ, எங்க நிக்குதுன்னு நீயே குறிச்சு வெய்யி. எனக்கும் தெரிஞ்சாகோணும்."